கை எட்டாத இடம்

தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில்,
சாப்பாட்டுப் பெட்டியின் வார் உரசும் இடத்தில்
முதலில் ஒரே ஒரு பரு.
மழைச்சட்டைக்குள் வேர்த்து வேர்த்து
மூன்றே நாளில் அது குடும்பம் நடத்தத் தொடங்கியது.

ஆயர் ஈத்தாம் கிளினிக்கில்
டாக்டர் தியோ விளக்கை அடித்துப் பார்த்தார்.
தேன் காய்ந்தது போலப் பொருக்கு, கிருமிதான் என்றார்.
மாத்திரை வேண்டாம், இந்தக் களிம்பு போதும்.
வெந்நீரில் ஊறவைத்துப் பொருக்கை எடு,
பிறகு மெல்லிசாகப் பூசு,
மூன்று வேளை, ஏழு நாள்.
துண்டை யாரோடும் பங்கு போடாதே.
யார் பூசிவிடுவார் என்று அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டு வெள்ளி.

இருக்கிறான் ஒருவன்.
பதினொன்றாம் மாடி, ஒரே அறை, இரண்டு மெத்தை.
அமலதாஸ்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை.
முந்நூற்று நாற்பது நான் அவனுக்குத் தர வேண்டியது.
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று சொல்லியே
நான்கு வெள்ளி போயின,
வெள்ளி மட்டும் வரவில்லை.
பேச்சு நின்று பன்னிரண்டு நாள்.

மூடியைத் திருப்பி, அதன் முள்ளால்
டியூபின் வாயைக் குத்தித் திறந்தேன்.
வலக்கை மேலிருந்து, இடக்கை கீழிருந்து,
இரண்டும் பூட்டிய வீட்டுக்குப் போனவர்கள் போலத்
திரும்பி வந்தன.
கரண்டிக் காம்பில் பஞ்சைச் சுற்றிப் பார்த்தேன்.
மருந்து பனியனில் பட்டது, அலமாரியில் பட்டது,
புண்ணைத் தவிர எல்லாவற்றையும் குணப்படுத்தியது.

காலை ஏழரை.
வேலை முடிந்து வந்தவன்
சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று
கண்ணாடி முன் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தான்.
உள்ளே போனான். கை கழுவும் சத்தம்,
நெடுநேரம்.
கரண்டியைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் போட்டான்.

"திரும்பு."

அவ்வளவுதான் பேச்சு.
காலையில், திரும்பு.
மாலையில் அவன் கிளம்புமுன், திரும்பு.
மதியம் இரண்டு ஆர்டருக்கு நடுவே
மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு,
லிஃப்ட் வராமல் படியேறி மூச்சிரைக்க நிற்பேன்;
தூக்கம் கலைந்த கண்ணோடு எழுந்து,
திரும்பு.
பட்டாணி அளவு என்று தாளில் இருந்தது.
அமலதாஸ் பட்டாணியைவிடச் சிக்கனம்.
விரல் குளிர்ந்து வந்து
ஒரு வட்டம் போடும், எடுத்துக்கொள்ளும்.
கடன்காரன் முதுகு,
அழுத்திவிட நியாயம் இருந்தது.
அழுத்தவில்லை.

ஐந்தாம் நாள் அரிப்பு நின்றது.
போதும், ஆறிடுச்சு என்றேன்
சட்டைக்குள் தலையை விட்டபடி.
"உன் முதுகை நீ பாத்தியா?"
பதினேழு நாளில் முதல் முழு வாக்கியம்.
"ஏழு நாள்னு ஒட்டியிருக்கு.
பாதியில விட்டா திரும்ப வரும்.
பாதி பாதியா விடுறதுதான் உன் பழக்கமே."
சட்டைக்குள் கொஞ்ச நேரம்
தலையை வெளியே எடுக்காமல் இருந்தேன்.
பிறகு கழற்றினேன்.

ஏழாம் நாள்
டியூபை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி
கடைசி வேளையைப் பிதுக்கினான்.
தழும்பு இருக்கா?
"லேசா செவப்பு. போயிடும்."
அவன் சொன்னால் உண்டு.
என் முதுகைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

எட்டாம் நாள், காலை ஏழரை.
பழக்கத்தில் சட்டையைக் கழற்றி
சன்னலைப் பார்த்து நின்றிருந்தேன்.
மலை மேல் மழை வருகிற மாதிரி இருந்தது.
சாவி திரும்பியது. காலடி நின்றது.
மருந்து தீர்ந்தது இருவருக்கும் தெரியும்.
மேசையில் நூற்றிருபது வெள்ளி,
காற்றாடிக்குப் பறக்காமல் கோப்பிக் குவளைக்கு அடியில்.
எண்ணுகிற சத்தம் கேட்டது.

"மிச்சம்?"

"வெள்ளிக்கிழமை."

சிரித்தானா தெரியவில்லை.
எனக்குப் பின்னால் அல்லவா நின்றான்.